பனங்காட்டில் போட்ட ஆஜர்

சர்க்காருக்குப் பள்ளிக்கூடம் என்றால் தலைக்கணக்கு. காலையில் எத்தனை தலை வந்து உட்கார்ந்தது என்று பார்த்து, அதை வருஷம் முழுக்கக் கூட்டி, பள்ளிக்கூடம் நடந்த நாட்களால் வகுத்தால் வருகிறதே, அதற்குச் சராசரி என்று பெயர். சராசரியைப் பார்த்துத்தான் கிராண்டு, அதாவது சர்க்கார் தருகிற உதவிப் பணம். கிராண்டைப் பார்த்துத்தான் வாத்தியார் வீட்டு அடுப்பு. பாளையங்கோட்டையில் நான் டிரெயினிங் படித்தபோது தையல் சொல்லிக்கொடுத்தார்கள், பூகோளம் சொல்லிக்கொடுத்தார்கள், ஆர்மோனியத்தோடு சேர்ந்து பாடக்கூடச் சொல்லிக்கொடுத்தார்கள். இந்த ஒன்றை மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. வேலைக்கு வந்து, வயிறு காய்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

நானும் என் வீட்டுக்காரரும் வேலை பார்த்தது ஏரலுக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில். வாய்க்கால் தண்ணீர் எட்டுகிற வயல்கள் முடிந்து, சிவப்பு மணல் தேரியும் பனங்காடும் தொடங்குகிற இடம் அது. புது ராஜாவுக்கு முடிசூட்டி, அவர் படம் பள்ளிக்கூடத்துக்கெல்லாம் வந்துசேர்ந்த சமயம். எங்களுடையது சபைப் பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை ஜெபவீடு, மற்ற நாள் பள்ளிக்கூடம், இரண்டுக்கும் ஒரே ஓலைக்கூரை. அவர் தலைமை வாத்தியார், நான் உதவி. சம்பளத்தில் பாதி கிராண்டு, மீதி சபை. சபை என்றதும் பெட்டி நிறையப் பணம் என்று நினைத்துவிடாதீர்கள். பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியோ கம்போ எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். அந்தப் பிடியரிசியை விற்று வருவதுதான் சபையின் பங்கு. மழை பொய்த்த வருஷம் பிடியும் சிறுத்துவிடும்.

சாமான்களும் அந்த லட்சணம்தான். ஒரு கரும்பலகை, சென்னை ராஜதானியின் தேசப்படம் ஒன்று, எழுதிப் பழக மணல். மணலுக்கு மட்டும் எங்கள் ஊரில் பஞ்சமே கிடையாது. பள்ளிக்கூடம் என்றால் கடிகாரம் இருக்க வேண்டும் என்று ஒரு விதி. சுற்றுவட்டாரத்துச் சபைப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே கடிகாரம்; இன்ஸ்பெக்டர் எந்த ஊருக்கு வருகிறாரோ அந்த ஊர்ச் சுவரில் அது தொங்கும். அது ஓடி நான் பார்த்ததில்லை.

பங்குனி பிறந்தால் எங்கள் ஊர் காலியாகிவிடும். பனையில் பதனி ஊறத் தொடங்கியதும் குடும்பம் குடும்பமாகப் பனங்காட்டுக்குள் போய் ஓலைக் குடிசை போட்டுவிடுவார்கள். அந்தக் குடிசைக்கு விடிலி என்று பெயர். ஆண்கள் மரம் ஏறிப் பதனி இறக்குவார்கள். பெண்கள் அதைக் கருப்பட்டியாகக் காய்ச்சுவார்கள். பிள்ளைகள் ஓலை பொறுக்கி, தீ தள்ளி, கைக்குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிவார்கள். ஆவணி வரைக்கும் இதே பாடுதான். பள்ளிக்கூடத்தில் நாங்கள் இரண்டு பேரும், கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளும், காய்ச்சலில் விழுந்து தேறாத இரண்டொரு பிள்ளைகளும் மிஞ்சுவோம்.

சர்க்கார் இரக்கமில்லாதது என்று சொல்லமாட்டேன். ஆற்றங்கரைப் பள்ளிக்கூடங்களுக்கு அறுப்பு லீவு என்று உண்டு. நெல் அறுக்கிற நாளில் பள்ளிக்கூடத்தை மூடிக்கொள்ளலாம், சராசரி குறையாது. விதி எழுதினவர்கள் வீட்டில் நெல் இருந்திருக்கும், பனை இருந்திருக்காது, வேறென்ன! பனைக்கும் லீவு கேட்டு என் வீட்டுக்காரர் ஆபீசுக்கு எழுதிப் பார்த்தார். கிணற்றில் போட்ட கல்தான்.

மற்ற வாத்தியார்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். வராத பிள்ளைக்கும் ஆஜர் போட்டுவிடுவது. பனங்காட்டு ஊர்களில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஈ காக்கை இல்லாத பள்ளிக்கூடத்தின் ஆஜர் பட்டியைப் புரட்டினால், ஆடி மாதம் முழுக்க ஒரு பிள்ளைக்குத் தலைவலிகூட வந்திராது. இன்ஸ்பெக்டர்களும் கண்டும் காணாமல்தான் இருந்தார்கள். முன்கூட்டிச் சொல்லி அனுப்பிவிட்டு, மழைக்காலத்தில் வந்து, இருக்கிற தலையை எண்ணிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் முடியவே முடியாது என்று உட்கார்ந்துகொண்டார். அதனால் வருஷா வருஷம் எங்கள் சராசரி இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் பள்ளிக்கூடத்துக்கு மானேஜராக இருந்த ஐயரே வந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் சபைக் குருவானவரை ஐயர் என்பார்கள்.

"இந்த வருஷமும் எறங்கிச்சுன்னா நாலாம் வகுப்ப எடுத்துருவாகளாம். பெறகு மூணோட நிக்க வேண்டியதுதான். பாத்துக்கிடும் வே" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நாலாம் வகுப்பு போனால் ஆண்பிள்ளைகளுக்கு நஷ்டமில்லை. ஏரலுக்கு நடந்துபோய்ப் படித்துக்கொள்வார்கள். பெண்பிள்ளைகளை யார் அனுப்புவார்கள்? அந்த வருஷம் நாலாம் வகுப்பில் ஒரு பனையேறியின் மகள் இருந்தாள். பிந்திப் பள்ளிக்கூடம் சேர்ந்தவள், வயசு கூடின பிள்ளை. எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளில் நாலாம் வகுப்பை எட்டிப் பார்த்தது அவள்தான் முதல். அவள் நாலில் தேறினாள் என்று இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டால், பாளையங்கோட்டைப் போர்டிங் பள்ளிக்கூடத்தில் சோறும் துணியும் கொடுத்துச் சேர்த்துக்கொள்வதாக எனக்கு எழுதியிருந்தார்கள். அவள் தாய் லேசில் சம்மதித்தவள் இல்லை. "இவளும் போயிட்டா எனக்குத் தீ தள்ள யாரும்மா இருக்கா?" என்றே பேச்சை முடித்துவிடுவாள். நான் அவளோடு சண்டையே போட்டேன். ஒரு நாள் தாங்கமாட்டாமல், "சரி, நாலு முடிக்கட்டும், பெறகு கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டாள். எனக்கு அந்த ஒரு கையெழுத்து வேண்டும். வேறு எதைப் பற்றியும் கவலை இல்லை.

ஐயர் வந்துபோன அன்று வீட்டில் நான் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். "எல்லா வாத்தியாரும் போடுதாக. நீங்க போட்டா மட்டும் வானம் இடிஞ்சு விழுந்துருமா?"

"வராத புள்ளைய வந்தான்னு எப்படி எழுத? வந்தா எழுதுதேன்."

"அதுக எப்படி வரும்? அங்கனல்லா தீக்கு முன்னால கெடக்கு!"

அவர் மறுநாள் காலையில் கரும்பலகையை ஆணியிலிருந்து கழற்றினார். "அப்ப நாம அங்கன போவோம்" என்றார்.

கரும்பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். தேசப்படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். ஊர் சிரித்தது. "என்ன சார்வாள், பள்ளிக்கூடமும் பதனி காய்ச்சப் போகுதா?" என்று கடைக்காரர் கேட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஆமா அண்ணாச்சி, ஒமக்கும் ஒரு கருப்பட்டி எடுத்து வைக்கோம்" என்றேன்.

விடிலிகளுக்கு நடுவில் நாலு கால் நட்டு ஓலைப் பந்தல் போட்டுக்கொண்டோம். காலையில் இறக்கிய பதனியைப் பெரிய சட்டியில் ஊற்றி அடுப்பேற்றினால், அது கொதித்து வற்றுகிறவரை பிள்ளைகளுக்கு அதிக ஜோலி இல்லை. அவ்வப்போது தீ தள்ள வேண்டும், பொங்கி வந்தால் ஒரு ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட வேண்டும். அதுதான் எங்கள் பள்ளிக்கூட நேரம். பாகு பதத்துக்கு வருகிறபோது மட்டும் எல்லாப் பிள்ளைகளும் அவரவர் அடுப்புக்கு ஓடிவிடுவார்கள். அப்போது தாய் கை விடாமல் கிண்ட வேண்டும், பிள்ளை தீயைக் கூட்டிக் குறைத்துக் கொடுக்க வேண்டும். கொஞ்சம் தவறினாலும் பாகு கெட்டுவிடும். கெட்ட பாகைத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றினால் உறையாது, அன்றைய பாடு முழுவதும் மண்ணாகும். ஆகவே அந்த நேரத்தை இடைவேளை என்று வைத்துக்கொண்டோம்.

புகை கண்ணைக் கரிக்கும். காற்று தேரி மணலை அள்ளி வாயில் போடும். சேலையெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டும், எறும்பு ஏறும். நான் தினமும் ஏசிக்கொண்டேதான் போனேன். ஆனால் பிள்ளைகள் வந்தார்கள்! மழைக்காலத்தில்கூட அத்தனை பேரை ஒருசேர நான் பார்த்ததில்லை. அந்த நாலாம் வகுப்புப் பிள்ளை அடுப்புக்கு முன்னால் குந்தி, ஒரு கையால் ஓலையைத் தீக்குள் தள்ளிக்கொண்டே உரக்க வாசிப்பாள். தாய் காதில் வாங்காததுபோல் கிண்டிக்கொண்டிருப்பாள். ஒரு நாள் கதை பாதியில் இருக்கும்போது மணியாகிவிட்டது என்று நான் புஸ்தகத்தை மூடினேன். "பெறகு அந்த ராசா என்னதான் செஞ்சான்?" என்று தாய் கேட்டுவிட்டாள். எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. இதைக் கேட்கத்தான் இவ்வளவு புகை தின்றேன் என்று நினைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர், வந்த பிள்ளைக்கு ஆஜரும் வராத பிள்ளைக்குச் சுழியுமாக, இம்மி பிசகாமல் போட்டுவந்தார். எங்கள் ஆஜர் பட்டி அப்படி நிறைந்தது அதுதான் முதல் தடவை. ஐயரிடம் சொன்னபோது, "நல்ல காரியம், செய்யும்" என்றார். ஆபீசுக்கு ஒரு வார்த்தை எழுதிக் கேட்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. பிள்ளைகள் இருக்கிற இடம்தானே பள்ளிக்கூடம் என்று இருந்துவிட்டோம்.

ஆடி மாதம், காற்று பேயாட்டம் ஆடுகிற ஒரு நாள், கடைக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "சார்வாள், மோசம் போச்சு! புது இன்ஸ்பெக்டர் வந்து நிக்காரு. ஜெபவீட்டு வாசல்ல ஆடுதான் படுத்துக் கெடக்கு." பழைய இன்ஸ்பெக்டர் மாறிப்போனதே எங்களுக்குத் தெரியாது. புதியவர் சொல்லாமல் கொள்ளாமல் வருகிறவர் என்பது அதைவிடத் தெரியாது.

வந்த வேளையும் பாருங்கள்! எல்லா அடுப்பிலும் பாகு பதத்துக்கு வருகிற நேரம். பிள்ளைகள் எல்லாரும் அடுப்படியில். "அவரை இங்கன கூட்டிட்டு வந்துருவோம்" என்றார் என் வீட்டுக்காரர். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "வண்டியப் பூட்டச் சொல்லிட்டாரு சார்வாள். பள்ளிக்கூடமே இல்லன்னு எழுதிட்டுப் போயிருவாரு."

நான் அந்தப் பிள்ளையின் தாயைப் பார்த்தேன். என்ன முகத்தோடு கேட்பது? அவள் சட்டியை ஒரு தடவை பார்த்தாள். பிறகு குனிந்து, எரிகிற ஓலையை அடுப்பிலிருந்து வெளியே இழுத்துப்போட்டு மண்ணை அள்ளி மூடினாள். "ஓடுளா!" என்று மகள் முதுகில் ஒன்று வைத்தாள். மற்ற அடுப்புக்காரிகளைப் பார்த்து, "என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிய? புள்ளையள அனுப்புங்க!" என்று கத்தினாள். ஒவ்வொரு அடுப்பிலிருந்தும் தீ வெளியே வந்தது. அன்று ஊரார் அத்தனை பேர் இறக்கிய பதனியும் வீண்.

பிள்ளைகள் மணலில் ஓடினார்கள். நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன், வெட்கமாவது ஒன்றாவது! நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இன்ஸ்பெக்டர் தலைப்பாகையும் கோட்டும் நெற்றி நிறைய விபூதியுமாக ஒரு காலை வண்டியில் வைத்திருந்தார். கரியும் புழுதியுமாக வந்து நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டுக் காலைக் கீழே எடுத்தார். நல்ல மனுஷர்தான், பொய் சொல்லக்கூடாது. ஆற்றங்கரைப் பெரிய குடும்பத்துக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது. வகுப்பு வாரியாக உட்காரவைத்து எண்ணினார். கணக்குக் கேட்டார். அந்தப் பிள்ளையை வாசிக்கச் சொன்னார். அவளுக்கு மூச்சே இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் ஒரு தடங்கல் இல்லாமல் வாசித்தாள். "சபாஷ்" என்றார். எனக்குக் கையெழுத்து கையில் வந்துவிட்ட மாதிரியே இருந்தது.

அதற்குப் பிறகு ஆஜர் பட்டியைப் புரட்டினார். "பங்குனியில இருந்தா இவ்வளவு பேர்? பனங்காட்டு ஊர்ல இது எப்படி?" என்றார்.

அப்போதாவது என் வீட்டுக்காரர் சும்மா இருந்திருக்கலாம். நல்லா வாராங்க ஐயா என்று ஒரு வார்த்தை போதாதா? நான் எதிரே நின்று கண்ணைக் காட்டினேன், தொண்டையைக் கனைத்தேன். அந்த மனுஷர் என்னைப் பார்த்தால்தானே! "பள்ளிக்கூடத்தையே விடிலிக்குக் கொண்டு போயிட்டோம் ஐயா" என்று மாலை வாங்கப் போகிறவர் மாதிரிச் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் பட்டியிலிருந்து தலையைத் தூக்கினார். "வாத்தியாரே, அங்கீகாரம் குடுத்தது இந்தக் கட்டடத்துக்கு. வேற இடத்துல நடந்தது எங்க கணக்குல பள்ளிக்கூடமே இல்ல. அங்க போட்ட ஆஜர நான் எப்படி ஒத்துக்கிட?"

"பிள்ளைகள் வந்தது நெசம்தான ஐயா."

"நெசம்தான். எனக்கும் தெரியுது. சொல்லாம இருந்திருந்தா நான் கேட்டிருக்க மாட்டேன். சொல்லிட்டீரு. இனி எழுதாம இருக்க முடியுமா?"

பங்குனியிலிருந்து அன்றைய தேதி வரைக்கும் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டார். அத்தனை நாளும் ஒருத்தருமே வராத நாட்கள் என்று கணக்காயிற்று. வருஷ முடிவில் சராசரி அடியோடு விழுந்தது. நாலாம் வகுப்பை எடுத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு வந்த நாள் போதாது, ஆகவே தேறினாள் என்று கையெழுத்துக் கிடையாது. போர்டிங்காரர்களுக்குச் சபாஷ் என்று எழுதி அனுப்ப முடியுமா?

அவள் தாயிடம் நான் போய்ச் சொன்னேன். "சரிம்மா" என்றாள், அவ்வளவுதான். நன்றாக நாலு ஏச்சு ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அந்த ஆத்திரத்தையும் சேர்த்து வீட்டில் வந்து கொட்டினேன். "உண்மையச் சொல்லி என்னத்தக் கண்டீக? ஊர்ப் பொம்பளையள் எல்லாம் அடுப்ப அணைச்சாளுவளே, அவளுவளுக்கு என்ன பதில் சொல்லப் போறீக?" என்றேன். அவர் சோற்றில் வைத்த கையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. இத்தனை வருஷம் ஆகியும் வரவில்லை.

போன வகுப்பைத் திரும்பக் கேட்பதற்கும் ஒரு விதி இருந்தது. ஒரு வருஷம் சர்க்கார் உதவியில்லாமல் அதை நடத்திக் காட்ட வேண்டும். பிள்ளைகள் ஒழுங்காக வந்தார்கள் என்று தெரிந்தால் வகுப்பு திரும்ப வரும். தையில் புது ஆஜர் பட்டி வந்ததும் அவர் அதை என் மடியில் வைத்தார். "இனி இத நீ பாத்துக்கோ." அவர் விரல் சுத்தமாக இருக்கட்டும், மை என் விரலில் ஒட்டட்டும் என்று ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான் என்று வாங்கிக்கொண்டேன்.

பங்குனி வந்தது, ஊர் பனங்காட்டுக்குப் போயிற்று. நாங்கள் போகவில்லை. அங்கீகாரம் பெற்ற கட்டடத்தில் அவர் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கூட்டல் கழித்தல் நடத்துவார். நான் ஒரு மூலையில் உட்கார்ந்து, விடிலியில் கிடக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் வரிசையாக ஆஜர் போடுவேன். மனசு உறுத்தியதா என்று பின்னால் ஒரு உபதேசியார் மனைவி கேட்டாள். மனசு உறுத்தவில்லை, வயிறுதான் எரிந்தது.

அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டாள். மாசியிலேயே, பதனி தொடங்குவதற்கு முன்னால், உடன்குடிப் பக்கம் ஒரு பனையேறிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஆனால் அவள் பெயரை நான் அடிக்கவில்லை. நாலாம் வகுப்பில் இருந்ததே கொஞ்சம் தலை, ஒன்று குறைந்தால் வகுப்பு நிற்காது. ஆகவே அவளுக்கும் தினசரி ஆஜர் போட்டேன். அவள் கல்யாணத்தன்றுகூடப் போட்டேன். கல்யாணம் நடந்தது ஜெபவீட்டில். அந்த வருஷம் நான் ஆஜர் போட்ட நாட்களில் அவள் அந்தக் கட்டடத்துக்குள் நிஜமாக வந்தது அன்று ஒரு நாள்தான்.

கார்த்திகையில் இன்ஸ்பெக்டர் வந்தார். அதே மனுஷர். இந்தத் தடவை முன்னதாகவே சொல்லி அனுப்பியிருந்தார், கடிகாரமும் வந்து தொங்கியது. விடிலியிலிருந்து திரும்பிய பிள்ளைகள் தலை சீவி வந்து உட்கார்ந்திருந்தார்கள். பட்டியைப் புரட்டப் புரட்ட அவர் முகம் மலர்ந்தது. "பாத்தீரா வாத்தியாரே, கட்டடத்துல நடத்தினா பிள்ளைகள் வரத்தான செய்யுது!" என்றார். என் வீட்டுக்காரர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

நாலாம் வகுப்பைத் திரும்பக் கொடுக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, ஒரு பெயரின்மேல் விரலை வைத்தார். "இது அந்த நல்லா வாசிக்கிற பிள்ளைதான? வருஷம் பூரா ஒரு நாள் தவறலையே! எங்க அவ?"

"இன்னைக்கு மட்டும் வரல ஐயா. மேலுக்கு முடியல" என்றேன்.

அவர் வண்டியிலிருந்த பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, சிவப்பு அட்டை போட்ட கதைப் புஸ்தகம் ஒன்றை எடுத்தார். நாள் தவறாமல் வருகிற பிள்ளைக்கு அவர் சொந்தத்தில் கொடுக்கிற பரிசாம். "அவ கையில குடுத்துருங்கம்மா" என்றார்.

வண்டி போனபிறகு புஸ்தகத்தை என்ன செய்வது என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "நீதான கணக்கு எழுதின, நீயே கொண்டு போ" என்றார். உறைக்கத்தான் செய்தது. தூற்றலில் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு அவள் தாய் வீட்டுக்குப் போனேன். அவள் முற்றத்து ஈர ஓலைகளை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். மகளுக்கு இன்ஸ்பெக்டர் கொடுத்த பரிசு என்று நீட்டினேன். கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள்.

"எதுக்கும்மா?"

"தவறாம பள்ளிக்கூடம் வந்ததுக்கு."

அவளுக்குப் புரியவில்லை. புஸ்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு முகம் தெளிந்தது.

"போன வருஷம் விடிலியில இருந்து படிச்சாளே, அதுக்கா?"

"ஆமா, அதுக்குத்தான்" என்றேன்.